பட்டியலில் அப்பா

இறப்பைப் பதிவு செய்யும் அலுவலகம், இறந்தவரின் பெயரை வாக்காளர் பட்டியல் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டும். உறவினர் யாரும் மனுக் கொடுக்கத் தேவையில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி இருந்தபோது விதி இதுதான். என் அப்பாவின் இறப்பைப் பதிவேட்டில் எழுதியவன் நான். அப்போது அங்கே இளநிலைக் குமாஸ்தா. தெரிவிப்புச் சீட்டையும் நானே எழுதி, எதிர் அறைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்தடி தூரம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் வந்த நகராட்சித் தேர்தலில் என்னை வாக்குச்சாவடியில் உட்கார வைத்தார்கள். வருகிறவர் பெயரைச் சொல்வார்; சாவடித் தலைவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார்; நான் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே சுருக்கொப்பம் இட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த நேரம். வாசலில் ஒரு கட்சியின் ஆட்கள் தடிகளுடன் நின்றார்கள். அந்தக் காலத்தில் அதுவும் நடைமுறைதான்.

பத்து மணி வாக்கில் ஒருவர் வந்து என் அப்பாவின் பெயரைச் சொன்னார். தெரு, தொழில், தாத்தாவின் பெயர், எல்லாம் சரியாக இருந்தன. அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. தடிகளுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்.

"முசே, அவரு செத்துட்டாரு. நான்தான் பதிஞ்சேன்" என்று தலைவரிடம் சொன்னேன்.

தலைவர் பட்டியலைப் புரட்டினார். "பேரு அடிக்கலியே தம்பி. பெத்த அப்பனையே தெரியலன்றியா?"

வாசலில் சிரிப்பு. வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "எழுதுப்பா, நேரமாவுது" என்றார், அப்பாவின் அதே அலுப்போடு. என் ஆட்சேபத்தைக் குறிப்பேட்டில் எழுத எனக்கு உரிமை உண்டு. வாசலைப் பார்த்தேன். சுருக்கொப்பம் இட்டேன்.

மறுநாள் பெரிய மார்க்கெட்டில் மீன்காரி என் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, ஒன் வூட்டுக்காரரு நேத்து ஓட்டு போட வந்தாராமே! அம்மாந் தூரம் வந்தவரு மீனு வாங்காமலா போனாரு?"

அம்மா வெறுங்கூடையோடு திரும்பினாள். அப்பாவின் ஆன்மா இளைப்பாற மாதம் ஒரு பூசை வைக்கிறவள் அவள். "உசுரோட இருக்கறவங்க நடுவுல பேர் சொல்லிக் கூப்புட்டா அவரு எப்படிடா தூங்குவாரு? பேர எடுக்கச் சொல்லு. அங்கதான வேல பாக்குற?" என்றாள். அன்றிலிருந்து, மத்தியானம் அப்பா வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அவள் கதவைத் தாழிடுவதில்லை. நானும் அந்த நேரத்தில் தெருவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இறப்புச் சான்றிதழை இணைத்து, தேவையில்லாத அந்த மனுவைக் குறையில்லாத பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. அடுத்த தேர்தலில் அதே மேசையில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தேன். சிவப்புக் கோடு இருந்தது, என் பெயரின் மேல். மனுவில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், கீழே கையெழுத்திட்டவனை அடித்திருந்தார்கள். அப்பா பத்து மணிக்கு வந்தார். இந்த முறை அவருக்கு என் வயதுதான் இருக்கும். நான் சுருக்கொப்பம் இட்டேன். அடிக்கப்பட்டவனின் சுருக்கொப்பம் செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை.

"எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"எடுத்துட்டாங்கம்மா." ஒரு பெயரை எடுத்தது உண்மைதானே.

"காயிதம் குடுத்தாங்களா?"

கொடுக்கவில்லை. அவள் நம்பவில்லை.

பல மாதம் கழித்து, அவள் மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் புறப்படும்போது காகிதம் வந்தது. 'தங்கள் மனுவின்படி பெயர் நீக்கப்பட்டது.' யாருடைய பெயர் என்று எழுதவில்லை. தமிழில் சொன்னேன். முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். கல்லறையில் மெழுகுவர்த்தியின் அடியில் அதை வைத்து, "இனிமே யாரு கூப்புட்டாலும் போவாதீங்க" என்றாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதில் வந்த அந்த நாள் நவம்பர் இரண்டு, இறந்தோர் திருநாள்.