ஞாயிறு கணக்கில் வராது

"கடைசியா எப்போ நல்லா இருந்தீங்க?" என்று டாக்டரம்மா என் மனைவியைக் கேட்டார். பதில் சொன்னது நான்.

"நாலு வருசம் முன்னாடி வரிக்கும் சூப்பரா இருந்துச்சு டாக்டரம்மா. அப்பாலதான் இந்த முடக்குவாதம் வந்து…"

"உங்களைக் கேக்கல சார்."

என்னைப் பெற்ற அம்மாவில் தொடங்கி நான் கிரேன் ஓட்டும் கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர் வரை எல்லோரும் என்னை முந்திரிக்கொட்டை என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மாவுக்கு அது தெரிய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என் மனைவி, "கத்திவாக்கத்துல என் தங்கச்சி வூட்ல நாலு நாளு இருந்தேன் டாக்டர். அப்ப நல்லா இருந்தேன்" என்றாள். நான் இல்லாத நாலு நாள். எனக்குச் சுருக்கென்றது.

அவள் ஜாக்கெட் தைப்பவள். ராயபுரத்தில் எங்கள் தெருவில் மட்டுமல்ல, கல்மண்டபத்திலிருந்தும் அவளைத் தேடி வருவார்கள். நாலு வருஷமாகக் காலையில் எழுந்தால் பத்து விரல்களும் வீங்கி விறைத்துப்போயிருக்கும். கத்திரிக்கோலுக்குள் விரல் நுழையாது. பெரிய ஆஸ்பத்திரி மாத்திரைகள் நோயைப் பாதி அடக்கின, மீதிப் பாதி அடங்கவில்லை. விரல்கள் இப்படியே கோணி நின்றுவிட்டால் இனி வாழ்நாளில் துணி வெட்ட முடியாதே என்பதுதான் அவளுடைய ஒரே பயம். அதை அவள் என்னிடம் சொன்னதில்லை. அவள் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தண்டையார்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாடியில் இருந்தது அந்த கிளினிக். நோயை மட்டும் பார்க்காமல் ஆளையே பார்க்கிற வைத்தியம், ஃபங்ஷனல் மெடிசின் என்று பெயர் என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்விகள். எப்போது தூங்குவீர்கள், எதற்கு அழுவீர்கள், சாப்பிடும்போது உட்கார்ந்து சாப்பிடுவீர்களா, நின்றுகொண்டா? கடைசியில், "ஆஸ்பத்திரி மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டு, ஆறு வாரத்துக்கு மைதா, கோதுமை, பால், சர்க்கரை எதுவும் வேண்டாம் என்றார். தினமும் காலையில் கையை மூடிப் பார்த்து, எவ்வளவு மூடுகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். அவளால் பேனா பிடிக்க முடியாததால் எழுதுகிற வேலை என்னுடையது. கால், அரை, முக்கால், முழுசு என்று நானே ஒரு அளவு வைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள். எனக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. எங்கள் தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு வைத்தியர் மேல்தான் விழ வேண்டும். டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னார் என்று சொன்னால் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். தவக்காலம், ஒறுத்தல், பிடித்ததை விட்டிருக்கிறோம் என்று சொன்னால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படியே சொன்னோம். அவளும் அதை ஜெபம் மாதிரியே கடைப்பிடித்தாள்.

முதல் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பாய் கடையில் பரோட்டா, சால்னா, ஒரு பாட்டில் ரோஸ் மில்க் எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இன்னாயா இது? டாக்டர் வேணான்னாங்களே?"

"தவக்காலம் நாப்பது நாள்ல ஞாயித்துக்கெயம கணக்குல வராதுமே. கோயில்ல உபதேசம் படிச்சவதானே நீ? சாமியே வரம் குட்துட்டாரு, நடுவுல பூசாரி இன்னாத்துக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். வாழையிலையைப் பிரித்து, பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவில் ஊறவைத்து நானே ஊட்டிவிட்டேன். வாரம் முழுக்க கிரேனில் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறவனுக்கு அந்த ஒரு வேளைதான் திருவிழா.

நோட்டில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டே வந்தது. திங்கட்கிழமை கால், செவ்வாய் கால், வியாழன் அரை, சனிக்கிழமை முக்கால். மறுபடி திங்கட்கிழமை கால். நான் எண்ணூர்க் காற்றைத் திட்டினேன். ஞாயிறு ராத்திரி கம்பெனிக்காரன் புகையைத் திறந்துவிடுகிறான் என்று யார்டில் எல்லோரிடமும் சொன்னேன். என் நோட்டை நானே படிக்கவில்லை என்பதுதான் உண்மை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா நோட்டில் விரலை வைத்து, திங்கள் திங்களாக இறங்கினார்.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்க?"

நான் திருச்சபை விதியை விளக்கினேன். அவர் முதலில் திகைத்தார், பிறகு கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். "ஆறு வாரம் கழிச்சு ஒவ்வொண்ணா திருப்பிக் குடுத்துப் பாக்கலாம்னு இருந்தேன். நீங்க வாராவாரம் எல்லாத்தையும் மொத்தமா குடுத்துப் பாத்திருக்கீங்க. மைதாவா பாலான்னு இனிமேதான் பிரிச்சுப் பாக்கணும். ஆனா ஏதோ ஒண்ணு ஒத்துக்கல, அது தெளிவாத் தெரியுது."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் அவர் என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியலையாம்மா?"

"தெரியும் டாக்டர். ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க?"

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவுரு பொட்டலத்தப் பிரிக்கிறப்ப அவுரு மூஞ்ச பாக்கணும் டாக்டர். வாரம் பூரா அந்த மெஷினுல குந்திகினு வர்றாரு. அன்னிக்கி ஒரு நாளுதான் அப்டி சிரிக்கிறாரு. எப்டி வேணாம்னு சொல்றது?"

எனக்கு வந்தது கோபம். வீடு திரும்பும் ஷேர் ஆட்டோவில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "கை போயிட்டா இன்னா பண்ணுவ? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லிருந்தா நீ ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்திருப்ப" என்றாள், வெளியே பார்த்தபடி. ஆட்டோவில் இருந்த ஒரு அம்மாள் ஆமாம் என்று தலையாட்டினார். முன்பின் தெரியாத அம்மாள்.

அன்று முழுக்க மனசு ஆறவில்லை. நாலு வருஷமாக நான் கொண்டுவந்து கொடுத்தவற்றை எண்ணிப் பார்த்தேன். நண்டு சூப், முடக்கத்தான் தோசை, யாரோ ஒருவர் காய்ச்சிக் கொடுத்த நாற்றமடிக்கும் கஷாயம், நெட்டில் பார்த்த ஏதோ பொடி. ஒவ்வொன்றையும் நான் ஆரவாரத்தோடு கொண்டுவருவேன். ஒவ்வொன்றையும் அவள் மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் தேவலாம் என்பாள். அதில் பாதி அவள் நோய்க்காகச் சாப்பிட்டது அல்ல. என் நம்பிக்கை வாடிவிடக் கூடாதே என்று சாப்பிட்டது. அது புரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்கக் கூடாதென்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

இப்போது அவள் காலையில் ஒரு மணி நேரம் துணி வெட்டுகிறாள். மாத்திரை தொடர்கிறது, கோதுமை இல்லை, பாலும் இல்லை. சில நாள் விரல்கள் படுத்துகின்றன. மாத்திரையின் வேலை எவ்வளவு, சாப்பாட்டின் வேலை எவ்வளவு என்று டாக்டரம்மாவே அடித்துச் சொல்வதில்லை. எனக்கு அதெல்லாம் அந்தக் குருத்து ஞாயிறன்று தொடங்கியது போலத்தான் தோன்றுகிறது.

அன்று பூசை முடிந்து, கையில் குருத்தோலையோடு பாய் கடையைத் தாண்டினேன். "இன்னா நைனா, பார்சல் கட்டவா?" என்று பாய் கூப்பிட்டார். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது உடுப்பில்லாமல் போவது மாதிரி இருந்தது.

பூசைக்கு வர முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஏனோ விரல்கள் மோசம். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"உனுக்கு இன்னாமே வேணும்?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெளியே ஒரு டிரெய்லர் போய், அதன் பின்னால் இன்னொன்றும் போனது.

"கம்முனு இங்க வந்து குந்து" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தன் கையை எடுத்து என் மடியில் வைத்தாள். சூடாக இருந்தது.

"ரொம்ப வலிக்குதுயா" என்றாள்.

நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் என்னிடம் சொன்னது அன்றுதான். எனக்குத் தெரிந்த வைத்தியம் அத்தனையும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.