கதையில் நான் விட்டுவிட்ட தோழி

பல்கலைக்கழகத்தில் அந்த ஆங்கில நாவலை எங்களுக்கு நடத்திய விரிவுரையாளர், முதல் வகுப்பிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். இது இருநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக் கிராமத்துப் பெரிய மனிதர்களின் கதை, யார் வீட்டுக்கு யார் முதலில் போவது, யாரைக் கண்டு யார் எழுந்து நிற்பது என்று பக்கம் பக்கமாக வரும், உங்களுக்கு அந்நியமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள் என்றார். சொல்லும்போது அவர் பார்வை என் பக்கம் வந்து போனது. அந்த வகுப்பில் தோட்டத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

எனக்கு அது கொஞ்சமும் அந்நியமாக இல்லை. எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், கணக்கப்பிள்ளை வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, யாரைக் கண்டால் எழும்ப வேண்டும் என்று தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. உச்சியில் தோட்ட மானேஜரான துரையின் பங்களா. கொஞ்சம் இறங்கினால் ஆபீஸ்காரர்களின் குவார்ட்டர்ஸ். அதற்கும் கீழே எங்கள் வீடு. அப்புறம் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள். துரையம்மா ஜீப்பை நிறுத்தி அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டால், அந்த வாரம் முழுக்க அம்மாவின் நடையே வேறு மாதிரி இருக்கும். கிளாக்கர் வீட்டம்மா ஆறு மாதமாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்பது எங்கள் வீட்டில் ஒரு பெரிய விஷயம். விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்தபோது எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. கோட்டும் கவுனும் போட்டுக்கொண்டு எங்கள் தோட்டத்து ஆட்கள்தான் அதில் நடமாடினார்கள்.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் ஐந்து பெண்கள். ஆண் வாரிசு இல்லாததால், அப்பா கண்ணை மூடினால் வீடு ஒரு தூரத்து உறவுக்காரனுக்குப் போய்விடும். அந்த உறவுக்காரன் ஒரு பாதிரியார். தன்னை ஆதரிக்கும் சீமாட்டியைப் பற்றியே நாள் முழுக்கப் பேசும் அசடு. அவன் இரண்டாவது மகளைக் கேட்கிறான், அவள் முடியாது என்கிறாள், அம்மா ஒப்பாரி வைக்கிறாள். கடைசியில் அந்தப் பெண் அவனைவிடப் பத்து மடங்கு உயர்ந்த ஒருவனை, பங்களாவும் தோப்புமாக இருப்பவனை, காதலித்தே கட்டிக்கொள்கிறாள்.

இதை நான் ஒருத்திக்குத்தான் ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் சொன்னேன். அவள் என் கூட்டாளி. எங்கள் தோட்டத்து லயத்துப் பிள்ளை. முதலாம் வகுப்பிலிருந்து இரண்டு பேருக்கும் உட்கார ஒரே வாங்கு. ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையும் ஒன்றாகத்தான் எழுதினோம். நான் மூன்று பாடத்திலும் தேறிப் பல்கலைக்கழகம் போனேன், அவள் புவியியலில் தவறி வீட்டில் இருந்தாள். என்னைவிட அவள்தான் புத்திசாலி. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிங்களத்தை அவள் சிங்களத்தி மாதிரியே பேசுவாள், எழுதுவாள், வாசிப்பாள். நான் இன்றும் பஸ் கண்டக்டரிடம் தடுமாறுகிறேன்.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை எங்கள் தோட்ட ஆபீஸின் சின்னக் கிளாக்கர். குடி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. ஒரே ஒரு கோளாறுதான், துரையை விட்டால் அவருக்குப் பேச்சில்லை. மழை பெய்தால், "தொரை காலையிலயே சொன்னாரு" என்பார். வெயில் அடித்தாலும் அதையேதான் சொல்வார். துரை கழித்துப்போட்ட கழுத்து டை ஒன்றை மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டிக்கொண்டு வந்தார். காற்சட்டையோடுதான் வந்தார், வேட்டியோடு இல்லை, அந்த மட்டுக்கும் பிழைத்தோம்.

ஆனால் அவர் கையில் ஒரு வீடு இருந்தது. பெரிய ரோட்டோரமாகத் துண்டுக் காணி வாங்கி, கல் வீடு கட்டிக் கூரையும் போட்டிருந்தார். என் கூட்டாளிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அவளுடைய அப்பா இல்லை. அண்ணன் கொழும்பில் கடையில் இருந்தான். அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை, லயத்துக் காம்பரா, அம்மாவின் பேரில் ஓடியது. அம்மாவின் பெயர் வேலை செய்பவர்களின் இடாப்பில் இருக்கிற வரைக்கும்தான் காம்பரா அவர்களுடையது. அம்மாவுக்கு இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு வயது. அதன் பிறகு தோட்டம் கேட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்க வேண்டியதுதான்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் எனக்கு லீவு முடிந்து பயணம். அவள் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஹோல்ட் வரைக்கும் வந்தாள். பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. "நேத்து வந்துட்டுப் போனாங்க புள்ள" என்றாள். அவள் என்னிடம் யோசனை கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன்.

அந்த முக்கால் மணி நேரமும் நான் அந்த நாவலைச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட நடித்துக் காட்டினேன் என்பதுதான் சரி. பாதிரியாராகக் குனிந்து வளைந்தேன், தாயாக மூக்கைச் சிந்தினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதிரியாருக்குச் சின்னக் கிளாக்கரின் குரலையே கொடுத்தேன், இன்னும் சிரித்தாள். கடைசியில் பங்களாவில் கொண்டுபோய்க் கதாநாயகியை இறக்கிவிட்டு, "பாத்தியா, வேணாம்னு சொல்லத் தெரிஞ்சவ. அதுனாலதான் அவளுக்கு அது கெடச்சிச்சு" என்று முடித்தேன். பஸ்ஸும் வந்தது.

பத்து நாள் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. என் கூட்டாளி கிளாக்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம், லயமே அவளைத் திட்டுகிறதாம். விடுதியில் நான் இதை எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடித்தேன். ஒரு புத்தகம் ஒரு பெண்ணின் வாழ்க்கையை மாற்றிவிட்டது என்றேன். அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்பதையும் மறக்காமல் சொன்னேன்.

கிளாக்கர் இரண்டு மாதத்தில் தெரணியகலைப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டினார். அடுத்த வருடம் என் கூட்டாளியின் அம்மா ஓய்வு பெற்றார். காம்பராவைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக அவள் இடாப்பில் தன் பெயரைக் கொடுத்து ரப்பர் பால் வெட்டப் போனாள். நான் லீவில் வந்திருந்த ஒரு காலை, ரப்பர் மரங்களுக்கிடையில் வாளியும் கத்தியுமாக அவளைப் பார்த்தேன். காலில் அட்டை கடித்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சிரித்துக் கையை ஆட்டினாள். நான்கு வருடம் அப்படி வெட்டினாள். அண்ணன் கல்யாணம் செய்து அண்ணி பெயர் கொடுத்த பிறகுதான் அவளால் அதை விட முடிந்தது. அதிலிருந்து எஹலியகொடையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக் கடையில் நிற்கிறாள். இப்போது கடையின் பாதிப் பொறுப்பு அவள் கையில். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் குடும்பத்தோடு அதே காம்பராவில்தான் இருக்கிறாள்.

நான் படித்து முடித்து, எஹலியகொடையிலேயே ஒரு பாடசாலையில் ஆங்கில ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு இறந்தகாலம் புரிய வைக்கவே வருடம் போய்விடுகிறது, நாவலுக்கு எங்கே போக? நாற்பதை நெருங்கும்போது, கொரோனாவுக்குப் பயந்து ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில், அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் புத்தகம் கையில் பட்டது. திரும்பப் படித்தேன்.

அதில் இன்னொருத்தி இருந்தாள்.

கதாநாயகியின் நெருங்கிய தோழி. வயது இருபத்தேழு. அழகில்லை, கையில் காசும் இல்லை. கதாநாயகி வேண்டாம் என்று சொன்ன அதே பாதிரியாரை, அந்த வாரமே, யோசித்துப் பார்த்துக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறாள். காதல் எல்லாம் எனக்கு வேண்டாம், தங்க ஒரு வீடு போதும் என்கிற மனசு அவளுக்கு. பிறகு கதாநாயகி அவளைப் பார்க்கப் போகிறாள். தோழி வீட்டை அழகாக வைத்திருக்கிறாள், கோழி வளர்க்கிறாள், புருஷன் உளறும்போது காது கேட்காதவள் போல இருந்துவிடுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

இருபத்தொரு வயதில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. கோழை என்று ஒதுக்கிவிட்டேன். பஸ் ஹோல்ட்டில் கதை சொன்னபோது அவளை அப்படியே விட்டுவிட்டேன். மறந்துபோய் விடவில்லை. அவளைச் சொன்னால் என் கதைக்கு இடைஞ்சல் என்று தெரிந்தேதான் விட்டேன். வேண்டாம் என்று சொன்னவளுக்கு எழுதியவரே பங்களாவைக் கொடுத்துவிட்டார். என் கூட்டாளிக்கு அப்படி எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. சரி என்று சொல்லவும் ஒரு வழி உண்டு, அப்படிச் சொன்னவள் கெட்டுப்போகவில்லை என்பதை அவளுக்குத் தெரியாமல் நான் மறைத்துவிட்டேன். புத்தகத்தை மூடி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அதன் பிறகு கிளாக்கரைச் சந்தையில் காணும்போதெல்லாம் ஏதாவது ஒரு கடைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பேன். பெரிய கிளாக்கராகி, ஓய்வும் பெற்றுவிட்டார். இப்போதும் துரையைப் பற்றித்தான் பேசுகிறார், துரை மட்டும் நாலு பேர் மாறிவிட்டார்கள். ஆனால் மனைவிக்குக் குடை பிடித்துக்கொண்டு, கீரைக் கட்டைத் தன் கையில் சுமந்துகொண்டு போகிறார். அவருடைய வீட்டு முன்னால் செவ்வந்தி பூத்துக் கிடக்கிறது. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் நான் மற்றப் பக்கத்து ஜன்னலோரமாகத்தான் உட்காருவேன்.

போன மாதம் என் கூட்டாளி எனக்குப் போன் எடுத்தாள். "நீ அன்னிக்கிச் சொன்ன கதப் பொஸ்தகம் டவுன் லைப்ரரியில சிங்களத்துல கெடக்கு புள்ள. எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். கடையில் ஓய்ந்த நேரத்தில் அவள் சிங்கள நாவல்களாக வாசித்துத் தள்ளுவது எனக்குத் தெரியும். இது அவள் கண்ணில் படும் என்றுதான் எனக்குத் தோன்றவே இல்லை. நல்லது என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். 

இரண்டு வாரம் நான் கடைப் பக்கம் போகவில்லை. மூன்றாவது வாரம், பௌர்ணமிப் போயாவுக்கு முந்திய நாள், போய்த்தானே ஆக வேண்டும் என்று போனேன். மத்தியானம், கடையில் ஆள் இல்லை. முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். அவள் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வாசிச்சி முடிச்சிட்டேன். அந்தக் கூட்டாளிக்காரிய பத்தி நீ சொல்லவே இல்லியே."

மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். வேண்டுமென்றே விட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவளைச் சொல்லியிருந்தால் நீ அந்த வீட்டுக்குப் போயிருப்பாய், பால் வெட்டியிருக்க மாட்டாய், உன் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அனே, நீ கத சொன்னதுனாலயா நா வேணாம்னு சொன்னேன்? இத்தன வருஷமா அப்புடியா நெனச்சிட்டு இருக்க?"

அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"எங்க வீட்ல ரெண்டே கதிர. ஒன்னுல அந்தாளு ஒக்காந்துக்கிட்டாரு, இன்னொன்னுல அவரு அக்கா. கட்டில்ல எடம் இருந்திச்சு. எங்கம்மா தேத்தண்ணி குடுத்துட்டு, அவங்க எந்திரிச்சுப் போற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்திச்சு, சம்பள நாள்ல ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால நிக்குமே, அப்புடி. ஒக்காருங்கன்னு ஒரு வார்த்த அந்தாளு சொல்லல. அன்னிக்கே நா முடிவு பண்ணிட்டேன். நீ பஸ் ஏற முந்தியே அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்." ஒரு புடவையை உதறி மடித்தாள். "அந்தக் கூட்டாளிக்காரி கெட்டிக்காரி. நல்லா இருக்கட்டும். என்னால முடியாது."

ஒரு பாரம் இறங்கியது. கூடவே ஒரு சின்ன ஏமாற்றமும் வந்தது, அதையும் மறைக்க வேண்டாம். இத்தனை வருடம் அவளுடைய வாழ்க்கையில் எனக்கு இருந்ததாக நினைத்த பெரிய இடம் ஒரு நிமிடத்தில் காலியாகிவிட்டது. அந்த அசட்டுத்தனத்தில்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"அப்ப ஏன் அன்னிக்கி பஸ் ஹோல்ட்டு வரைக்கும் வந்து அந்தப் பேச்ச எடுத்த?"

அவள் மடித்த புடவையை அடுக்கில் வைத்தாள். "அம்மாவுக்கு வேல முடிய ஒரு வருஷம் இருந்திச்சில்ல. கலியாணமும் இல்லன்னு ஆயிருச்சு. அதுக்குள்ள திரும்ப ஏ.எல். எழுதிப் பாப்போம்னு நெனச்சேன். ஒன்னோட ஜியோகிரபி நோட்டக் கேக்கத்தான் வந்தேன்."

"கேட்டிருக்கலாமே?"

"நீ கத சொல்லிட்டு இருந்த. அவ்வளவு சந்தோசமாச் சொல்ற, நடுவுல எப்புடிக் கேக்குறது? அப்பறம் பஸ் வந்திருச்சு. ஒரு கடுதாசி போடுவோம்னு நெனச்சேன், போடல. சரி, விடு." வாசலில் இரண்டு சிங்களப் பெண்கள் வந்து நின்றார்கள். அவள் எழுந்து, அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, போயாவுக்கு விகாரைக்கு உடுத்திப் போகும் வெள்ளைப் புடவைக் கட்டுகளை எடுக்கப் போனாள்.

அந்த நோட்டுகள் அப்போது எங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே, செய்தித்தாள் சுற்றி, சும்மா கிடந்தன.