சுலோச்சனா நீட்டிய பிளாஸ்டிக் கரண்டி

சுலோச்சனா போய்விட்டாள் என்ற செய்தி, ஹடப்சர் சிக்னலில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது ஆய்வகத்து வாட்ஸப் குழுவில் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்து மேஜையில் இருந்தவள் நான். எனக்கென்று தனியாக ஒரு போன் வரவில்லை. அழுகையோடு அந்தக் கோபமும் சேர்ந்தே வந்தது. அவளை அறிந்த உங்களிடம் மறைப்பதற்கென்ன, அவள்மேல் எனக்கு எப்போதும் பொறாமைதான்.

இருவரும் ஊதா பாக்டீரியாவோடுதான் மாரடித்தோம். வெளிச்சத்தில் வாழும் இவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உணவாக்கிக்கொள்ளும். அதற்கான நொதிக்கு மாலிப்டினம் என்ற உலோகம் தேவை. அது அறவே கிடைக்காதபோது சில வகைகள் இரும்பை மட்டும் வைத்து வேறொரு நொதியைச் செய்துகொள்ளும். அந்த இரண்டாவது நொதியை யார் முதலில் பார்ப்பது என்பதுதான் எங்கள் போட்டி. நான் துளி மாலிப்டினம்கூடச் சேர்க்கவில்லை. ஒட்டியிருக்கும் உலோகமும் போகட்டுமென்று குப்பிகளை அமிலத்தில் ஊறவைத்து விரல் வெந்ததுதான் மிச்சம்; என் பாக்டீரியா பழைய நொதியையே செய்துகொண்டிருந்தது. அவளுடையது சொன்ன பேச்சைக் கேட்டது. அவள் கட்டுரை வெளியான அன்று வயிறு எரிய எரியக் கைகுலுக்கினேன்.

அன்று மாலையே என்னை மஸ்தானி மில்க்ஷேக் சாப்பிட இழுத்துப் போனாள். தம்ளரில் ஐஸ்கிரீம் பாதி கரைந்தபின் மெதுவாகக் கேட்டாள்.

“உப்பெல்லாம் எதுல அள்ளி எடை போடுறே? ஸ்டீல் கரண்டியிலதானே? அரே, அந்த ஸ்டீல்லயே மாலிப்டினம் இருக்குடி.”

தன் பிளாஸ்டிக் கரண்டியை நக்கி, குழாயில் கழுவி என்னிடம் நீட்டினாள். பிறகு என் குப்பியிலும் இரும்பு நொதி வந்தது. பெயர் அவளுக்குத்தான் போயிற்று. ஆனாலும், அந்த ரகசியத்தை எனக்கு மட்டும் சொன்னாளே என்று ஓர் இறுமாப்பு எனக்கு இருந்தது.

போன வாரம் இரங்கல் கூட்டம். மராத்தியில் ஒருவர், இந்தியில் ஒருவர் என்று அவள் மாணவர்கள் எழுந்து, மேடம் தன்னைத் தனியாக அழைத்து ஸ்டீல் கரண்டியைத் தூக்கிப் போடச் சொன்ன கதையைச் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள், பாவி.

வெளியே வந்தபோது அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

“ஆன்ட்டி, அம்மா தன்னோட ஸ்பூனை உங்களுக்கு குடுத்துட்டாங்களாம். அடிக்கடி சொல்வாங்க. அது... எனக்குக் கிடைக்குமா?”

மற்றவர்களுக்கு வாய்ப்பேச்சுதான் தந்திருக்கிறாள். கரண்டியைத் தந்தது எனக்கு மட்டும்தான். அந்தப் பெண் அழுதாள், நானும் அழுதேன். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.