அண்ணி சொன்ன மூன்று ஆமா

போன் வந்தால் அண்ணி எழுந்து நின்றுதான் பேசுவார். இருபது வருடமாக அப்படித்தான். தையல் இயந்திரத்தை நிறுத்தி, மடியில் கிடக்கும் துணியை ஒதுக்கி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எழுவார். எதிரே பேசுகிறவருக்குத் தெரியவா போகிறது என்று அண்ணன் கேலி செய்வான். "அவங்களுக்குத் தெரியறதுக்கா? மரியாதை நமக்கு இருந்தாப் போதும்" என்பார்.

நாங்கள் பள்ளிச் சீருடை தைக்கிறோம். அண்ணி தைப்பார், நான் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பேன். நான் வாய் திறப்பது அபூர்வம். "உன் வாய்க்குக் காஜா எடுக்க மறந்துட்டாங்கடி" என்பார்.

அண்ணிக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அதில் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது. மாத மருந்து பக்கத்துக் கிளினிக்கில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரக டாக்டர். போன வருடம் இரண்டு இடத்தையும் கம்ப்யூட்டரில் இணைத்தார்கள். ஒருவர் கொடுக்கும் மருந்து மற்றவருக்குத் தெரியும், மருந்து வீட்டுக்கே வரும், மாதாமாதம் போனில் விசாரிப்பார்கள் என்றார்கள். பை நிறையச் சீட்டுகளைச் சுமந்து, போகிற இடத்திலெல்லாம் முதலிலிருந்து கதை சொன்ன அண்ணிக்கு அப்பாடா என்றிருந்தது.

அடுத்த முறை போனபோது சிறுநீரக டாக்டர் கிளினிக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை ஒன்றைச் சீட்டில் பேனாவால் கோடு போட்டு அடித்தார். "இனி இதைத் தொடாதீங்க. கிட்னிக்கு ஆகாது." கம்ப்யூட்டரில் அவர் அடிக்கவில்லை.

அந்த மாதமும் பொட்டலத்தில் வெள்ளை மாத்திரை வந்தது. போனும் வந்தது. அண்ணி எழுந்து நின்றார்.

"வெள்ளை மாத்திரை தினமும் போடறீங்களாம்மா?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரும்மா."

"போடறீங்களா, இல்லையா? எனக்கு இங்க ஆமா, இல்லன்னு ரெண்டுதான் இருக்கு."

"அப்ப, இல்ல."

மூன்று மாதம் இதே பேச்சு. டாக்டரைப் பார்க்கும் நாளும் வந்தது. ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும் பெண் திரையைப் பார்த்தாள். அண்ணி பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"உங்க தேதி ஏழு மாசம் தள்ளிப் போயிருக்குக்கா. மூணு மாசமா மாத்திரை போடலையாமே. ஒழுங்கா போடறவங்களுக்குத்தான் முதல்ல தேதி."

அண்ணி சீட்டை நீட்டினார். "உங்க டாக்டரே அடிச்சதும்மா."

"சீட்டு செல்லாதுக்கா. இதுல இருக்கணும்."

கிளினிக்குக்கு ஓடினோம். சீட்டில் அடித்தவர்தான் கம்ப்யூட்டரிலும் நீக்க வேண்டும் என்றார்கள். அடித்தவரைப் பார்க்க ஏழு மாதம். ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தோம். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "போன்ல மூணு தடவை ஆமான்னு சொல்லிடுங்க. தானா பச்சையாயிடும். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

 அண்ணி பொய்யே அறியாதவர் இல்லை. தைக்காத சட்டையைக் கூசாமல் "நாளைக்கு ரெடி" என்பார். தன் உடம்பைப் பற்றியே பொய் சொல்லச் சொன்னதுதான் சுட்டது. ஆனாலும் மூன்று மாதம் எழுந்து நின்று "ஆமா" என்றார். புள்ளி பச்சையானது. தேதி கிடைத்தது.

டாக்டர் அண்ணியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். "நிறுத்தச் சொன்ன மாத்திரையைப் போட்டுட்டே இருக்கீங்க. சொன்னா காதுல ஏறாதா?" பிறகு ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். "கிட்னி இன்னும் இறங்கிடுச்சு. மூணு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்."

அண்ணி தலை குனிந்தார்.  நான் பையை டாக்டர் மேசையில் கவிழ்த்தேன். ஆறு மாத வெள்ளை மாத்திரை அட்டைகள்.

"எண்ணிப் பாருங்க. ஒண்ணுகூடப் பிரிக்கல. பேப்பர்ல அடிச்சீங்க, கம்ப்யூட்டர்ல அடிக்கல. அண்ணி உண்மையைச் சொன்னாங்க, தேதியைப் பிடுங்கினீங்க. பொய் சொன்னாங்க, கொடுத்தீங்க. இப்ப அந்தப் பொய்க்கும் திட்டறீங்க."

 டாக்டர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "மாத்திரையை நீக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்பியிருக்கேன். எழுதிக் கொடுத்த கிளினிக் ஒப்புக்கணும்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி, "காஜா எடுத்தாச்சு போல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது நடந்து நான்கு மாதமாகிறது. கிளினிக் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளை மாத்திரை மாதாமாதம் வருகிறது. பிரிக்காத அட்டைகளை நான் ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். போன் வந்தால் அண்ணி இப்போது எழுவதில்லை. இயந்திரத்தை மிதித்துக்கொண்டே "ஆமா" என்கிறார்.