அக்காவின் கம்பளியும் மெட்ராஸ் விமானமும்

மழை விடவில்லை. கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து, ஏர்போர்ட்டுக்கு இறங்குகிற மலைப்பாதை அடைபட்டுக் கிடந்தது. அன்று சாயங்காலம் எனக்கு மெட்ராஸ் விமானம். வேனுக்குள் உட்கார்ந்தபடியே, "ஆண்டவரே, இந்தத் தடவையுமா?" என்று வாய்விட்டு அழுதேன்.

விசுவாசக் குடும்பத்தாரே, நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அக்கா இந்தியாவுக்குப் போனாள். அவளைக் கட்டியவருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது, எங்கள் வீட்டுக்கு இலங்கை. ஹட்டன் ஸ்டேஷன் முழுக்க அழுகை. அந்த ரயிலுக்கே எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது போர்த்துகிற கறுப்புக் கம்பளியை அக்கா என் தோளில் போட்டு, "நான் வர்ற வரைக்கும் வச்சிருடி" என்றாள். கோச்சி நகரக்கூடாது என்று கண்ணை மூடி ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் ஆலயத்துக்குப் போனேன், பாட்டுப் பாடினேன். ஆனால் எனக்கென்று எதையும் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற கோபம்.

போன மழைக்காலத்தில் அக்கா மகன் போன் செய்தான். "அம்மாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன், சித்தி. உங்க மொகத்தப் பாக்காம கத்தி வைக்க விடமாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்க. தள்ளிப்போட்டா ஆபத்துங்கிறார் டாக்டர்."

விமானத்தை வானத்தில் பார்த்ததோடு சரி. என் மகன்தான் டிக்கெட் எடுத்தான். பெட்டி கனம் கூடிவிடக்கூடாது என்று, கொழுந்து நிறுக்கிற தராசிலேயே தொங்கவிட்டுப் பார்த்தோம். கூடித்தான் இருந்தது. மகன் கம்பளியைத் தூக்கி வெளியே போட்டான்.

"மெட்ராஸ் வெயிலுக்குக் கம்பளியாம்மா? ஊரே சிரிக்கும்."

நான் தேயிலைப் பாக்கெட்டுகளை எடுத்துவிட்டுக் கம்பளியைத் திரும்ப வைத்தேன். இதற்குள் செய்தி பரவி, எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளின் சனமெல்லாம் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தது. எங்கள் பக்கம் இந்தியாவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து யார் பார்த்தது? "பத்து நாள்ல வந்துருவேன், ரிட்டன் டிக்கெட் இருக்கு" என்றாலும் கேட்டால்தானே!

அப்படிக் கிளம்பியவளைத்தான் அந்த மண்சரிவு மறித்தது. அன்றைக்குக் கோச்சியை நிறுத்தாதவர் இன்றைக்கு என் வேனை நிறுத்திவிட்டாரே என்று மனம் கசந்தது. ஆனாலும் அத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்டேன். "அப்பா, அக்கா முகத்தை ஒரு தடவை காட்டுங்க."

பாதை திறக்கவில்லை. நான் அழுவதைப் பார்த்து, மோட்டார் சைக்கிளில் நனைந்தபடி நின்ற சிங்களத் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்தார். பொல்பிட்டியவில் கரண்ட் வேலை செய்கிறவராம். மகன் விஷயத்தைச் சொன்னான்.

"அழ வேணாம் அம்மே. பொல்பிட்டிய பக்கம் சின்ன ரோட்டு இருக்கு. என் பின்னால வாங்க."

அவர் வேலைக்குப் போகிற வழி அது இல்லை. கொட்டுகிற மழையில் முன்னால் போய், பெரிய ரோட்டில் எங்களைச் சேர்த்துவிட்டு, கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். பேர் கேட்கக்கூட மறந்துபோனேன். ஏர்போர்ட் கவுண்டர் மூடப்போகிற நேரத்தில் ஓடிப்போய் நின்றேன்.

மெட்ராஸில் இறங்கினால் ஒரே ஹாரன் சத்தம், ஜனக்கூட்டம், அனல். கம்பளியை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனால் ஏசி குளிர். அக்கா குறுகி, நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். அவள் அதை மூக்கில் வைத்து முகர்ந்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"கோச்சியிலயாடி வந்த?"

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அழுதோம். மறுநாள் ஆபரேஷன். தேவன் அவளைத் திருப்பித் தந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்!

இப்போது நான் வாய்விட்டுக் கேட்கிறேன். பெரியது, சின்னது எல்லாம் கேட்கிறேன். அந்தத் தம்பிக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். பாதை அடைபட்டு நிற்கிறவர்களே, கோபம் இருந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். அவர் கோவிச்சுக்கொள்ள மாட்டார்.

நான் புறப்படும்போது அக்கா கம்பளியைத் திரும்ப என் தோளில் போட்டாள். "நான் வர்ற வரைக்கும் வச்சிருடி." அதே வார்த்தை. போன கிழமை அவளுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கம்பளியைத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறேன்.