வீடியோவுக்கு வாடகை வீடு பார்த்த கதை

கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவனுக்கு இரண்டு இதயம் வேண்டும். எனக்கு இருப்பது ஒன்றுதான். அதுவும் பாதிக் கிளட்சில் ஓடுகிறது. செஞ்சியில் டிரைவிங் ஸ்கூல் வைத்த நாளிலிருந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் யாரும் வண்டிக்குள் கத்தியதில்லை. கத்தியதெல்லாம் நான்.

அந்தக் கத்தலை நானே முதன்முதலாகக் கேட்டது கேமரா மாட்டிய பிறகு. "சார், நான் பிரேக்கதான் மிதிச்சேன்" என்று சத்தியம் செய்கிறவர்களிடம், மிதித்தது ஆக்சிலேட்டரை என்று காட்ட வேறு வழி தெரியவில்லை. காலடியில் ஒரு கேமரா, முன்கண்ணாடியில் ஒன்று. பாடம் முடிந்ததும் வீடியோவை அவர்களுக்கு அனுப்பிவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பார்த்துத் திருந்துவார்கள். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுடைய போனில் எல்லாம் ஏற்கெனவே சொந்தக்காரர் கல்யாணங்கள் குடியிருந்தன. என் வீடியோ நுழைய இடமில்லை. ஆகவே வீடியோவை இணையத்தில் எங்காவது குடிவைத்துவிட்டு, விலாசத்தை மட்டும் அனுப்ப வேண்டும்.

முதலில் இலவச இடத்துக்குப் போனேன். இலவச இடம் என்பது சத்திரம் மாதிரி. படுக்க இடம் கிடைக்கும். பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. என் வீடியோவைத் திறந்தால் முதலில் திண்டிவனத்தில் இருக்கும் இன்னொரு டிரைவிங் ஸ்கூலின் விளம்பரம் வந்தது. ஓர் அழகான பெண் சிரித்துக்கொண்டே, "பதற்றமே இல்லாமல் கற்றுக்கொள்ளுங்கள்" என்றாள். அது முடிந்ததும் என் குரல்: "ஐயோ, மாடு! மாடு! மாடு!"

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் பாடம் முடிந்ததும் அந்தச் சத்திரம் தானாகவே அடுத்தடுத்து விபத்து வீடியோக்களாக ஓட்டியது. தளவானூரிலிருந்து வந்துகொண்டிருந்த உரக்கடைக்காரர் பாதியிலேயே நின்றுவிட்டார். போன் போட்டுக் கேட்டேன்.

"சார், உங்க வீடியோ முடிஞ்சதும் ஒரு லாரி கவுந்துச்சு. அப்புறம் ஒரு பஸ்ஸு. எனக்கு மொபெட்டே போதும் சார்."

அந்த நேரத்தில்தான் டீச்சரம்மா வந்து சேர்ந்தார். அனந்தபுரத்தில் வீடு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. கணவர் துபாயில் கிரேன் ஓட்டுகிறார். போன லீவில் அவர் வாங்கிய கார் கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வந்து பேட்டரிக்காக ஒரு தடவை உறுமவிட்டுப் போவார். "நான் கத்துக்கறேன்னு கேட்டா, உங்களுக்கு எதுக்கு அண்ணி கஷ்டம், நான் வந்து ஓட்டறேன்னுவாரு. எங்க வீட்டுக்காரரு தை மாசம் லீவுல வராரு சார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எறங்கறப்ப கார ஓட்டிக்கினு போய் அவரு எதிர்ல நிக்கணும். அந்த மூஞ்சிய நான் பாக்கணும். அதுவரைக்கும் அவருக்குத் தெரியவே கூடாது. உங்க வீடியோ எங்கனா வெளிய வந்துச்சு, அவ்ளோதான் சார்."

நான் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன். கொடுத்த கையோடு பதற்றம் ஆரம்பமானது.

காசு கொடுத்து வாடகைக்கு இருக்கும் இணைய இடங்களைத் தேடத் தொடங்கினேன். ஒன்றில் படம் பளிங்கு மாதிரி இருந்தது. தொண்டூர் ரோட்டில் வயலோரம் நின்று திறந்து பார்த்தால் சக்கரம் சுற்றியது, சுற்றியது, என் தலையும் சேர்ந்து சுற்றியது. இன்னொன்றில் விளம்பரம் கிடையாது, ஆனால் வாசலுக்குப் பூட்டும் கிடையாது. மூன்றாவதில் பூட்டு உண்டு, எல்லாருக்கும் ஒரே சாவி. நம் ஊரில் ஒரு கடவுச்சொல்லை ஒருவரிடம் சொன்னால் சந்தைக்குள் மைக் கட்டிச் சொன்ன மாதிரி.

ஆபீசைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. "பொண்ணுக்கு மாப்ள பாக்கறப்பகூட நீங்க இவ்ளோ விசாரிக்கல" என்றாள்.

"மாப்ளைக்குப் பூட்டு போட முடியாது. இது அப்படியா?"

கடைசியில் வாட்ச்மேன் வைத்த வீடாகவே ஒன்று கிடைத்தது. விளம்பரம் இல்லை. சிக்னல் மந்தமான இடத்தில் படம் தானே இளைத்துக்கொண்டு ஓடும். யார் பார்க்கலாம் என்று நாம் ஒரு மெயில் ஐடி கொடுத்தால் அந்த மெயிலுக்கு மட்டுமே கதவு திறக்கும். புதுப் பாடம் ஏற்றினால் அதுவே மெயில் போட்டுச் சொல்லிவிடும். எந்த வீடியோவை எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று எனக்கு வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்துக் காட்டும். டீச்சரம்மாவிடம் மெயில் ஐடி கேட்டேன். போனைத் திறந்து, அதில் இருந்ததைப் படித்துச் சொன்னார். பதிந்துகொண்டேன். அன்று மதியம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலைந்து பாடம் ஏற்றிய பிறகு ஒருநாள் வரைபடத்தைத் திறந்தேன். டீச்சரம்மாவின் வீடியோக்களுக்கு அனந்தபுரத்தில் ஒரு புள்ளி. சரி. கடல் தாண்டி இன்னொரு புள்ளி. துபாய்!

"ஐயோ, ஹேக்கர்!" என்று எழுந்தேன். முதலில் மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்தேன். அதுவும் போதாதென்று அதன்மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க கிளட்ச் பாடத்தத் திருடிக்கினு போய் அவன் இன்னாங்க பண்ணுவான், ஒட்டகம் ஓட்டுவானா?" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, அந்த டீச்சரம்மா வீட்டுக்காரரு எங்க இருக்காருன்னு சொன்னீங்க?" என்றாள்.

"துபாய்ல…" என்றபடி துண்டை மெல்ல எடுத்தேன். அதே நேரம் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"வணக்கம் சார், டிரைவிங் ஸ்கூலா? நான் டீச்சரோட வீட்டுக்காரர் பேசறேன்."

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். வீடியோவின் தொடக்கத்தில் டிரைவிங் ஸ்கூலின் பெயரையும் என் நம்பரையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தவன் நான்தான்.

மறுபடியும் அடித்தது. "சார், கட் பண்ணாதீங்க. அந்தப் போன நான்தான் வாங்கி, என் மெயில் ஐடியவே போட்டுக் குடுத்தேன். அவளுக்கு அது தெரியாது. நீங்க பாடம் ஏத்தறப்பலாம் புதுப் பாடம் வந்துருச்சுன்னு எனக்குத்தான் சார் மொதல்ல மெயில் வருது."

உலகத்துப் பூட்டையெல்லாம் சோதித்து வாங்கிய நான், சாவியை யாருக்குத் தெரியக் கூடாதோ அவர் சட்டைப்பையிலேயே போட்டிருக்கிறேன்.

"கோவமா இருக்கீங்களா சார்?"

"மொத நாளு இருந்துச்சு. நம்மகிட்ட சொல்லலியேன்னு. அப்புறம் ஒரு பாடத்துல, குறுக்க வந்த ஆட்டோக்காரன ஹார்ன் அடிச்சே ஓரங்கட்டுனா பாருங்க! ரூம்ல எல்லாரையும் கூப்ட்டுக் காட்டிட்டேன். ஆனா சார், கிளட்ச டக்குனு விடுறா. நான் கிரேன் ஓட்டறவன், பாக்க முடியல. நீங்களே சொல்ற மாதிரி சொல்லிக் குடுங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம். ஆசையா செய்யறா."

அன்றிலிருந்து அவரிடம் ஒரு ரகசியம், இவரிடம் ஒரு ரகசியம், நடுவில் ரத்தக்கொதிப்போடு நான். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் துபாயிலிருந்து திருத்தம் வரும். அடுத்த பாடத்தில் அதை என் சரக்காக அவிழ்ப்பேன். "கிளட்ச்சுல கால எடுக்கறப்ப, தூங்கற கொழந்த தலைக்கடியிலேருந்து கைய உருவற மாதிரி உருவணும்மா." டீச்சரம்மா அசந்துபோனார். "இப்பல்லாம் நல்லா சொல்லித் தரீங்க சார்" என்றார். இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அதுவும் அடுத்தவருடையது.

லைசென்ஸ் வந்தது. தையும் வந்தது. தைரியத்துக்கு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அது அவருடைய கார். ஸ்கூல் கார் மாதிரி என் பக்கம் பிரேக் கிடையாது. கேமராவை மட்டும் மாட்டிக்கொண்டு, திண்டிவனம் வரைக்கும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன்.

பஸ் ஸ்டாண்டில் அவர் பெட்டியோடு இறங்கினார். கார் போய் எதிரில் நின்றது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருப்பார் போல. பெட்டியைக் கீழே விட்டார், நெஞ்சில் கை வைத்தார், இரண்டு அடி பின்னால் போனார். "நீயா? நீயா ஓட்டிக்கினு வந்த?" தெருக்கூத்தில்கூட அப்படி யாரும் திடுக்கிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் டீச்சரம்மா நம்பிவிட்டார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, இல்லாத பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

நான் பின்சீட்டுக்கு மாறினேன், அவர் முன்னால் ஏறினார். வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. அவர் சாய்ந்துகொண்டு, திருப்தியாகத் தலையாட்டினார்.

"பரவால்ல, இப்ப கிளட்ச மெதுவா விடுற."

வண்டி அங்கேயே ஆஃப் ஆனது. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. டீச்சரம்மா அவரைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"மொத பாடத்துலேருந்து" என்றார் அவர், பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு.

"சாருக்கும் தெரியுமா?"

பதற்றத்தில் என் வாயில் வந்தது: "ராங் நம்பர்."

பஸ் ஹார்னை விடவில்லை. டீச்சரம்மா பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்: "ரெண்டு பேரும் பின்னாடி உக்காருங்க. செஞ்சி வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது."

முன்சீட்டில் பெட்டியை வைத்து அதற்குப் பெல்ட்டும் போட்டார். பின்சீட்டில் கடைசி பெஞ்ச் மாணவர்களாக நாங்கள் இருவரும். ராஜகிரி மலை தெரிகிற இடத்தில் ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. ஒரே ஹார்ன், ஓரங்கட்டியது. அவர் முழங்கையால் என்னை இடித்தார். கண்ணாடியில் டீச்சரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் திரும்பி வந்த வழியின் வீடியோவை அதே மெயில் ஐடிக்கு ஏற்றினேன். வரைபடத்தில் துபாய்ப் புள்ளி இல்லை. அனந்தபுரத்தில் ஒன்றே ஒன்று, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கத்தல் இல்லாமல் வெளிவந்த முதல் வீடியோ அதுதான். பேசத்தான் கூடாது என்று சொல்லிவிட்டார்களே.