அப்பாவாக உட்கார்ந்த படம்

சென்ற வாரம் பாஸ்போர்ட் படம் வாங்கப் போன இடத்தில், “வேற யாரு படத்தையோ குடுத்துட்டீங்க தம்பி” என்று சண்டை பிடித்துவிட்டேன். கடைக்காரர் படத்திலிருந்த கட்டம் போட்ட சட்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். படமெடுத்த மறுநாளும் அதே சட்டையில் போயிருந்தேன். மறுக்க வழியில்லை.

என் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. படத்திலிருந்தவர், எங்கள் கூடத்துச் சுவரில் முப்பது வருஷமாக மாலையும் பொட்டுமாகத் தொங்கும் என் அப்பா. சிக்கல் என்னவென்றால், அவரும் நான்தான்.

அப்பா திண்டுக்கல் மண்டியில் வெங்காயத் தரகர். படமெடுக்கக் கூப்பிட்டால், “செத்த நேரம் பொறு, லோடு வந்துரட்டும்” என்பார். லோடு வந்துகொண்டே இருந்தது. ஐம்பதைத் தாண்டிய வயதில் அவர் திடீரென்று போனபோது, மாட்டுவதற்கு வீட்டில் ஒரு படம் இல்லை.

போய்ச் சொன்னதும், ஸ்டுடியோ அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்பா சாடைதான். அவரு கோட்டப் போட்டுக்கிட்டு உக்காரு அப்பு. மீசை, நரை, சுருக்கமெல்லாம் நான் தீட்டிக்கிறேன்.”

எனக்கு அப்போது இருபது வயது. கோட்டில் வெங்காய வாடை போகவில்லை. கண் எரிந்தது, வாடையால்தான் என்று சொல்லிக்கொண்டேன். சன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை வெயிலில் காய, என் முதுகுக்குப் பின்னால் திரைச்சீலையில் ஓர் ஏரியும் இரண்டு அன்னங்களும். பழக்கதோஷத்தில் உதடு விரிந்திருக்க வேண்டும்.

“சிரிக்காத. நீ செத்துப்போனவரு” என்றார் அண்ணாச்சி.

படம் சுவரில் ஏறிய பிறகு, எனக்கு நானே கும்பிடு போட்டுச் சிநேகிதர்களைச் சிரிக்க வைத்த காலமும் உண்டு. சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒருநாள் அப்பாவை நினைத்தேன். அந்தப் படம்தான் வந்தது. எது அவர் மூக்கு, எது அண்ணாச்சி தீட்டிய மூக்கு என்று பிரிக்க முடியவில்லை. வாடை மட்டும் மிச்சமிருந்தது.

இப்போது என் முகமும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா இப்படித்தான் இருந்தாரா, இல்லை, அண்ணாச்சி வரைந்த வழியில் நான் கிழடாகிவிட்டேனா? கேட்க ஆளில்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் செருப்புக்கடை. அப்பாவின் தங்கை, நெய்க்காரப்பட்டி அத்தையும் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் அம்மா ஒருத்திதான்.

புதுப் படத்தை அவள் கையில் கொடுத்தேன். “உள்ளதச் சொல்லும்மா. அப்பா இப்படியா இருந்தாரு?”

கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

“எனக்கும் மறந்துருச்சுப்பா. இம்புட்டு வருசமா உனக்குத்தான பொட்டு வச்சுக்கிட்டு இருக்கேன்.”